எழுத்துல குடுங்க

அடக்கத்துக்கு ராணுவத்திலிருந்து ஒரு கர்னலும் இரண்டு மேஜர்களும் வந்திருந்தார்கள். பியூகிள் ஊத ஒருவர், விறைப்பாக நிற்கப் பத்துப் பன்னிரண்டு ஜவான்கள். இறந்தவருடைய தெருவின் ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து மருமகன் வந்திருந்தார். கல்மண்டபத்து மீன்காரம்மா கபரஸ்தான் கேட்டுக்கு வெளியே, கூடையை இறக்காமல் நின்றிருந்தார். துறைமுகத்தில் லோடு மேஸ்திரியாக இருக்கும் என் அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நானும் இருந்தேன்.

அவருடைய மனைவி அங்கே இல்லை. முந்தின நாள் தவறிப்போன டயாலிசிஸை இன்னொரு நாள் தள்ள முடியாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இங்கே பியூகிள் ஊதும்போது அங்கே அந்த அம்மாவின் கையில் ஊசி ஏறியிருந்தது. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த அடுக்ககத்தின் நலச் சங்க நிர்வாகிகள் பதினோரு பேர். அவர்களில் ஒருவர்கூட இல்லை. பைக்கில் வந்தால் பதினைந்து நிமிடம்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைப் படித்தவுடன் முடிவுக்கு வந்துவிட்டவர்களைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன். வாசிக்கிறவருக்கும் அந்த வசதியைத் தர எனக்கு மனமில்லை. ராணுவத்தில் பிரிகேடியராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் அவர் 'மில்ட்ரி பாய்'. அவ்வளவு போதும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எதை மறுத்தாலும், "எழுத்துல குடுங்க" என்பார். கோபமாக அல்ல, ரேஷன் கடையில் ரசீது கேட்பதுபோல. சிலிண்டர் வரவில்லையா, ஏன் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் கவுன்ட்டர் மூடிவிட்டதா, மூடியவர் எழுதித் தர வேண்டும். பத்தில் ஒன்பது இடங்களில் வேலை உடனே முடிந்துவிடும். எழுதுவதைவிட வேலையைச் செய்வது சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சட்டம் அவருக்கும் உண்டு. அவர் எதையாவது மறுத்தால் எழுதித்தான் மறுப்பார். கட்சிக்காரப் பையன்கள் நன்கொடைச் சீட்டோடு வந்தால், அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே, 'தரவில்லை. காரணம்: போன மாதம் தந்ததற்குக் கணக்கு காட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். என் தம்பியை ராணுவத்தில் சேர்க்கச் சிபாரிசு கேட்டு அப்பா போனபோதும் ஒரு துண்டுச் சீட்டோடுதான் திரும்பி வந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். 'சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம்: ஓட்டத்தில் தேறினால் என் சிபாரிசு தேவையில்லை. தேறாவிட்டால் என் சிபாரிசு தவறு.' அப்பா அதைப் பல நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏதோ மெடல் வாங்கியதுபோல எல்லோரிடமும் காட்டினார்.

மீன்காரம்மாவிடம்தான் அந்தச் சட்டம் தோற்றது. ஒருநாள் வாங்கிய வஞ்சிரம் கெட்டிருந்ததாம். அவர் மீனைச் சீட்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தம்மா சீட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா நைனா இது, மீனுக்கு லெட்டர் போட்டுக்கீற? எனுக்குப் படிக்கத் தெரியாது. வாயால ரெண்டு திட்டு திட்டு, சரியாப் பூடும்."

"திட்டத் தெரியாதும்மா எனக்கு."

"இத்தினி வருசம் மில்ட்ரில இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?"

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் அந்தம்மா புது மீன் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் வாசலுக்கு இறங்கி வந்து, திட்டுவதற்குப் பதிலாக, "நேத்து மீன் நல்லா இல்ல" என்று உரக்கச் சொன்னாராம். தெருவே கேட்டது என்று அந்தம்மாவுக்குத் திருப்தி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருமுறை சொன்னார். ராணுவத்தில் அவர் பாலம் போடும் பிரிவு. இளம் கேப்டனாக இருந்தபோது மலைப் பகுதியில் ஓர் ஆற்றுப் பாலத்தின் கால் ஒன்று அசைவதைப் பார்த்திருக்கிறார். 'இதில் கனரக வண்டி போகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி வந்து, வண்டிகளை விடு என்று கத்தியிருக்கிறார்.

"நான் சொன்னேன், விடறேன் சார், நீங்க எழுத்துல குடுங்க. பேனாவை எடுத்தாரு. என்னைப் பார்த்தாரு. பாலத்தைப் பார்த்தாரு. பேனாவை மூடிட்டாரு. மறுநாள் மத்தியானம் பனி உருகி வந்த தண்ணில அந்தக் கால் போயிடுச்சு. தம்பி, அவரு கெட்டவர் இல்ல. எனக்கு நல்ல ரிப்போர்ட் எழுதினதும் அதே ஆள்தான். பேனா கைக்கு வந்ததும் மனுஷன் ஒரு நிமிஷம் யோசிப்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் கேக்கறது."

முப்பத்துநான்கு வருடச் சர்வீஸில் தனக்கு 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொருவரும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்வார். விடுமுறை இல்லை, காரணம் இது. இந்த முறை பதவி உயர்வு இல்லை, காரணம் இது. ஏற்க முடியாத காரணத்துக்கும் பதில் எழுத முடியும் என்பார். அவருடைய அத்தா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் விஞ்ச் ஓட்டியவர். சம்பளச் சீட்டில் கைநாட்டு வைத்தவர். அந்த வீட்டிலிருந்து போய் பிரிகேடியர் ஆனவருக்கு எழுத்தின்மேல் நம்பிக்கை வராமல் என்ன செய்யும்? எனக்கும் அப்படித்தான் வந்தது. என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்.

அவர் மூன்றாவது மாடியில் இருந்தார். அத்தாவின் சின்ன மனையில் தம்பிகள் மாடிமேல் மாடியாகக் கட்டிப் பங்கு பிரித்தபோது அவர் எல்லையில் எங்கோ இருந்தார். வந்தவருக்கு உச்சி மிஞ்சியது. ஐம்பத்தோரு படி. ஓர் ஆள் தோள் உரசாமல் ஏற முடியாத அகலம். மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதற்கு முன்பே ஒரு பக்கம் கை, கால் வராது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு மர நாற்காலியில் கயிறு கட்டி, அதில் அந்தம்மாவை உட்கார வைத்து இறக்குவார்கள். கீழ்ப் பக்கம் என் அப்பா. மேல் பக்கம் அவர். எழுபத்தொரு வயது.

அப்பாவுக்குக் கூலி கொடுக்க வந்தார். அப்பா வாங்கவில்லை. "வேணான்னா எழுத்துல குடுங்க மேஸ்திரி" என்றாராம். "எழுதத் தெரிஞ்சா நான் ஏன் பாய் மூட்டை தூக்குறேன்" என்று அப்பா சொல்ல, அந்தம்மா நாற்காலியிலிருந்து சிரித்தாராம்.

நான் வேலை பார்த்த அடுக்ககத்திலிருந்து அந்த டயாலிசிஸ் மையம் இரண்டு கட்டடம் தள்ளி. அடுக்ககத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. வாசலில் படிகூட இல்லை, சரிவுதான். உரிமையாளர் மஸ்கட்டில். 'யாருக்கு வேணும்னாலும் விடுங்க, வாடகை ஒழுங்கா வந்தா போதும்' என்று சங்கத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புதிதாகக் குடிவருகிறவரின் படிவத்தில் செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் சாமான் வண்டியை வாட்ச்மேன் உள்ளே விடுவார். படிவங்களை வாங்கி வைப்பதும், தண்ணீர் லாரிக் கணக்கு எழுதுவதும், காலி வீட்டின் சாவியை வைத்திருப்பதும் என் வேலை.

அவர் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து படிவம் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று மட்டும் எழுதியிருந்தார். பெயர் இருந்தது. செயலாளர் அதைப் படித்துவிட்டுப் படிவத்தை என் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"வீடு போயிடுச்சுன்னு சொல்லிடு" என்றார்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது நான் சொன்னேன். "சார், வீடு போயிடுச்சு."

சாவி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதை மட்டும் முகம் கூசாமல் எழுத முடியவில்லை.

"சரி தம்பி. எழுத்துல குடுங்க."

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து பிரிகேடியரின் தோளில் கை போட்டார்.

"பாய், உங்கமேல எனக்குப் பெரிய மரியாதை. என் தோஸ்துங்க பாதிப் பேரு பாய்ங்கதான். ரம்ஜானுக்கு என் வீட்ல அடுப்பே எரியாது, அவ்ளோ பிரியாணி வரும். ஆனா பாருங்க, பொதுக் குடியிருப்பு. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"அந்த நாலு பேரோட பேரை எழுத்துல குடுங்க."

செயலாளர் கையை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு படாமல் நாற்பது நிமிடம் உட்காருவார். ஒரே கேள்விதான். பதில் மட்டும் வாராவாரம் மாறும். உரிமையாளர் வீட்டை விற்கப் போகிறார். குழாய் வேலை பாக்கி இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளி என்றால் மற்றவர்கள் பயப்படுவார்கள். அசைவ வாடை. இதைச் சொன்னவர் சங்கத்தின் பொருளாளர். அவர் வீட்டு நண்டு வறுவல் வாசனையில்தான் நான் தினமும் மதியச் சோறு சாப்பிட்டேன்! ஒவ்வொரு பதிலுக்கும் பிரிகேடியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டுவார். யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு நிமிடம் யோசிக்கவும் மாட்டார்கள்.

பதினோரு பேரும் ராட்சசர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஒருவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஒருவர் வெள்ளம் வந்தபோது வீடுவீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிரிகேடியரைத் தனியாகப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். கூட்டத்தில் பேச்சு வந்தால், "எனக்கு ஆட்சேபணை இல்லப்பா, மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாரு" என்பார்கள். பதினோரு பேரும் மற்றவர்களையே கை காட்டினார்கள். நான் மட்டும் என்ன? கொருக்குப்பேட்டைக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிற என்னையும் அந்த அடுக்ககத்தில் குடிவைக்க மாட்டார்கள். காரணத்தை எனக்கும் எழுதித் தரவில்லை. மாதம் பதினோராயிரம் தந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"சார், நீங்க பிரிகேடியர்னு இவங்களுக்குத் தெரியாது. மேல யாருக்காவது ஒரு போன் போட்டா முடிஞ்சிடுமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு போன்ல கிடைச்ச வீட்ட இன்னொரு போன்ல காலி பண்ணச் சொல்லுவாங்க தம்பி. என் வைஃப் அங்க நிம்மதியாப் படுக்கணும்."

"அப்போ வேற ஏரியா..."

"ஏன் போகணும்? அதையும் யாராவது எழுத்துல குடுத்தா போறேன்."

அந்த வீட்டை வாரம் ஒருமுறை நான் திறந்து குழாய்களை ஓடவிட வேண்டும். துறைமுகத்திலிருந்து வரும் கரித்தூள் தரையெல்லாம் படிந்திருக்கும். நடந்தால் கால் தடம் விழும். மாதக்கணக்காக அந்த வீட்டில் என் கால் தடம் மட்டும்தான்.

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றார்.

"பாயி வூடு கேட்டுக்கினு வர்றது உன் ஆபீஸுக்காடா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சாவி யார் கையில கீது?"

"எங்கிட்டதான்."

அப்பா சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். நாற்காலிக் கயிறு அழுத்திய தடம் தோளிலிருந்து இறங்கியிருந்தது. "மூட்டை தூக்கித் தூக்கி உன்னப் படிக்க வெச்சேன். அந்தம்மாவ நான் தூக்கிக்கினு எறங்குறேன், நீ சாவிய வெச்சிக்கினு குந்திக்கினு கீற. பெரிய படிப்புடா!"

அடுத்த திங்கள் செயலாளர் வருவதற்கு முன் சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்தேன். 'வீடு காலியாக உள்ளது. தங்களுக்குத் தரப்படவில்லை. காரணம்: தாங்கள் முஸ்லிம் என்பது மட்டுமே' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, சீலும் வைத்தேன். பத்து மணிக்கு வந்தவரிடம் எழுந்து நின்று கொடுத்தேன். உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. தப்பு இல்ல" என்றார். பிறகு நான்காக மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார். "ஆனா இது செல்லாது தம்பி. முடிவெடுத்தவன்தான் கையெழுத்துப் போடணும். ஆர்டர் போட்டவன் பின்னால நின்னுக்கிட்டு கிளார்க்க முன்னால தள்ற வேலை எனக்குப் பிடிக்காது."

"சார், இத வெச்சு நீங்க கேஸ் போடலாம்."

"போடலாம். மொதல்ல உன் வேலை போகும். அவங்க, ஏதோ பையன் தெரியாம எழுதிட்டான்னு சொல்லுவாங்க. அதையாவது எழுத்துல குடுப்பாங்கங்கிற?"

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்றுவரை இருக்கிறது. அந்தத் தாளை அவர் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். என் வேலையைக் காப்பாற்றி அவருக்கு என்ன ஆனது? யுத்தத்தின் விதிகளை எதிரியும் மதிப்பான் என்று நம்பிய மனிதர். இங்கே எதிரி என்று ஒருவனும் முன்னால் வந்து நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று திங்கள்கிழமைகள் வந்தார். நான்காவது திங்கள் வரவில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு நாற்காலியை இறக்கியிருக்கிறார்கள். மேலே அவர், கீழே அப்பா. இரண்டாவது மாடித் திருப்பத்தில், "மேஸ்திரி, வைங்க" என்றாராம். நாற்காலி சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். கயிற்றைக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு பின்னாலிருந்த படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அந்தம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியாது.

"என்னங்க, மணியாவுதே" என்றாராம். இன்னும் ஒருமுறை, "என்னங்க."

அவரைக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆனால் படிக்கட்டை நாற்காலி அடைத்துக்கொண்டிருந்தது. அந்தம்மாவை முதலில் இறக்கினால்தான் அவரை இறக்க முடியும். ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலியை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு மேலே ஓடியிருக்கிறார் அப்பா. வாசலில் கட்டிய கயிற்றோடு உட்கார்ந்தபடி, தன் கணவரை நான்கு பேர் தூக்கி வருவதை அந்தம்மா எதிரிலிருந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த அம்மா இப்போது ஹைதராபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே லிஃப்ட் இருக்கிறது என்று அப்பா விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அவர் இறந்த மறுநாள் காலை சங்க அலுவலகத்தில் செயலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஓய்வுபெற்ற பிரிகேடியர் காலமானார், ராணுவ மரியாதையுடன் அடக்கம் என்று படத்தோடு செய்தி வந்திருந்தது. "இவரு நம்ம பாய் இல்ல?" என்றார். "பிரிகேடியராமே! நீ சொல்லவே இல்லியே?"

ஒரு மணி நேரத்தில் அவசரக் கூட்டம். பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். தண்ணீர்ப் பிரச்சினைக்குக்கூட அத்தனை பேர் கூடியதில்லை. எல்லோரும் அடக்கத்துக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். "போனா என்னன்னு கேப்பாங்க, எதுக்கு வம்பு? மாலையா ஒண்ணு அனுப்பிடுவோம்" என்றார் செயலாளர். தீர்மானப் புத்தகத்தில் என்னை எழுதச் சொன்னார். 'நம் பகுதிக்குப் பெருமை சேர்த்த வீரரும், நமது சங்கத்தின் நெருங்கிய நண்பருமான' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். புத்தகம் மேஜையைச் சுற்றி வந்தது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். மாதா கோயில்காரர் போட்டார். பால் கொடுத்தவர் என் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டார். செயலாளர் தேதியும் போட்டு, கீழே கோடு இழுத்தார். யாரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"பையனையே அனுப்பிடுவோம். பில் வாங்கிட்டு வந்துடு" என்றார் பொருளாளர்.

வாங்கி வந்தேன். மலர் வளையம் ஆயிரத்து இருநூறு. ரிப்பனில் சங்கத்தின் பெயர் அச்சடிக்க நூற்றைம்பது. ஆட்டோ இருநூறு. பதினோரு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.